ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் சாலை வரியும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்பட்டு யாராவது யோசனை கேட்டால், அந்த வண்டியின் எடை எவ்வளவு என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை விநாடி, டாப் ஸ்பீடு என்ன என்று எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். எடை என்றதும் போனை எடுத்துத் தேடுவார்கள்.

எனக்கு அந்த ஓர் எண் போதும். வளைவில் வண்டி எப்படித் திரும்பும், டயர் எத்தனை நாள் தாங்கும், பிரேக் பேடுக்கு எவ்வளவு அழ வேண்டியிருக்கும், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பதில் முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும். வரியும்கூட சில நாடுகளில் நேராகவும் சில நாடுகளில் சுற்றிவளைத்தும் அங்கேதான் போய் நிற்கிறது.

நான் வைத்திருப்பது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார்களே, அதே வடிவம். பட்டனை அழுத்தினால் பானெட்டிலிருந்து எழுந்து நிற்கும் ஹெட்லைட், கையால் மடக்கும் துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் டீசல் எஸ்யூவி என்னை விட்டுவிட்டுப் போய்விடும். போகட்டும். என் வண்டி ஆயிரம் கிலோவுக்குள், அது இரண்டு டன். முதல் வளைவு வரும்போது அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார், நான் ஒரு கியர் இறக்கிவிட்டு அப்படியே திருப்பிக்கொண்டிருப்பேன்.

ஒரு வண்டி சாலையில் சந்தோஷம் தருமா என்று பார்க்க என்னிடம் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டாம் கியரில் எஞ்சினை அதன் உச்சிவரை இழுத்தால் வேகம் எவ்வளவு? என் வண்டியில் எஞ்சின் 7,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 7,000 சுற்று) தொடும்போது மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அதாவது முதல் கியர், இரண்டாம் கியர் முழுவதையும் அனுபவித்துவிட்டு மூன்றாவதுக்கும் போகலாம், யாரும் ஃபைன் போட மாட்டார்கள். போர்ஷ 718 கேமன் ஜிடி4 உலகம் கொண்டாடும் வண்டி. 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர், அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். ஆனால் அதில் இரண்டாம் கியர் முடியும்போதே வேகம் 130ஐத் தாண்டியிருக்கும். பல நாடுகளின் நெடுஞ்சாலை உச்சவரம்பே அவ்வளவுதான். மீதி நான்கு கியர்களும் வீட்டில் வைத்துப் பூட்டிய நகை மாதிரி. இருக்கிறது என்ற திருப்தி மட்டும்.

இதைச் சொன்னால் 'உன்னால் வாங்க முடியவில்லை, அதனால் சொல்கிறாய்' என்பார்கள். அதுவும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாமே.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது வேகமாக ஓட்டாதீர்கள். எந்த வண்டியும் வேகத்தில் நன்றாகத்தான் தெரியும். நாற்பதில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப அதன் கனம் கூடிக்கொண்டே வர வேண்டும்; சாலை சொரசொரப்பாக மாறினால் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். பிரேக் மிதிக்கும்போது பெடல் கொஞ்ச தூரத்திலேயே கெட்டியாக நிற்க வேண்டும். பிரேக்கில் கால் இருக்கும்போதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்ட முடிகிறதா? கியர் இறக்கும்போது அது தேவைப்படும். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குக் கை தானாகப் போகிறதா? எம்எக்ஸ்-5 பழைய வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும், அது பிறவிக்குணம். சூடான பிறகும் கரகரவென்றால்தான் கவலைப்பட வேண்டும். அதனால்தான் விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தால் எனக்குப் பிடிக்காது. குளிர்ந்த எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து, எழும் சத்தத்தையும் பின்னால் வரும் புகையையும் பார்க்க வேண்டும்.

வண்டிகளைப் பற்றி என் அபிப்பிராயம் இது, சண்டைக்கு வராதீர்கள். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் ஒரு அதிசயம். அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்த சேஸிஸ், மொத்த எடை 725 கிலோ, 118 குதிரைத்திறன். இவ்வளவு குறைந்த எஞ்சினில் இவ்வளவு வேகம் எடையால் மட்டுமே சாத்தியம். ஆனால் அதில் இருந்த ரோவர் கே-சீரிஸ் எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கீழே கசிவை அடைக்கும் தகடு) போவது ஊரறிந்த வியாதி. மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 ஒன்பதாயிரம் ஆர்.பி.எம். வரை சுழலும், இரண்டு லிட்டரில் டர்போ இல்லாமல் 240 குதிரைத்திறன். ஆறாயிரத்துக்குக் கீழே சாதுவாக இருக்கும், மேலே போனால் சாமி வந்துவிடும். தினமும் ஆபீஸ் போக அது ஆகாது. முதல் தலைமுறை போர்ஷ பாக்ஸ்டர் இன்றைக்கும் விலைக்கு மீறிய வண்டி, எஞ்சினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும், அதைப் பற்றிப் படித்துவிட்டு வாங்க வேண்டும். மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சின் (மேலே கீழே போகும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை) வேலை செய்யும் விதத்திலேயே ஆயில் எரிக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2012இல் டொயோட்டா ஜிடி86 வந்தபோது ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இருநூறு குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான, பசை மாதிரி ஒட்டும் டயர் போடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 215 அளவில் ஒரு சாதாரண மிஷலின் பிரைமசி டயரைப் போட்டு அனுப்பினார்கள். பிரையஸ் ஹைப்ரிட் காருக்கும் அந்த டயர் உண்டு. பிடிமானம் குறைவாக இருந்தால் வண்டி குறைந்த வேகத்திலேயே அசையத் தொடங்கும், என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்குப் புரியும். வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக அந்த டயரைக் கழற்றி அகலமான டயர் மாட்டினார்கள். மாட்டிவிட்டு, வண்டியில் பவர் பத்தவில்லை என்றார்கள். என்ன சொல்ல!

அடுத்தது வைத்துக் காப்பாற்றுவது. டயரின் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். வார இறுதியில் மட்டும் ஓடும் வண்டிகளில் டயர் தேய்வதே இல்லை. பூப்போட்ட பள்ளமெல்லாம் புதுசாகவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிக் கட்டையாகியிருக்கும். 'டயர் 80 சதவீதம் இருக்கு சார்' என்று விற்பவர் சொல்லும்போது நான் குனிந்து அந்த நான்கு இலக்கத்தைத் தேடுவேன். அது ஒன்றே அந்த வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் அந்த வீட்டில் சர்வீஸும் அப்படித்தான் நடந்திருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். மலைப்பாதையில் இறங்கும்போது டிஸ்க் சூடாகி, ஆயில் கொதித்து, குழாயில் குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பில் இதைவிட மலிவான, இதைவிட முக்கியமான வேலை கிடையாது. வண்டி லேசாக இருந்தால் இதிலும் லாபம்தான். நிறுத்த வேண்டிய எடை குறைவு, அதனால் உருவாகும் சூடும் குறைவு.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. இரண்டு சீட்டுக்கும் பின்னால், துணிக்கூரை மடங்கிப் போய் உட்காரும் இடத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு துளை இருக்கும். கூரையில் விழும் மழைத் தண்ணீர் ரப்பர் கால்வாயில் ஓடி வந்து இதில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். சருகும் தூசியும் சேர்ந்து சேறாகி அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஒன்று கார்ப்பெட்டுக்கு வரும், இல்லையென்றால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் போய்த் தங்கும். பெயின்ட் வெளியே பளபளவென்று இருக்க, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சக்கர வளைவுக்கு முன்னால் சின்னக் கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே சல்லடை. எனவே மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் தடித்த நைலான் கயிற்றை அந்தத் துளைக்குள் மெதுவாகச் செருகி எடுப்பேன். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர்க் குழாயைக் கிழித்துவிடும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடிப்போய் வண்டிக்குக் கீழே பார்ப்பேன். சொட்டினால் நிம்மதி. வாங்கப் போகும் வண்டியிலும் ஒரு டம்ளர் ஊற்றிப் பாருங்கள். விற்பவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இன்சூரன்ஸ் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, போரடிக்கும். பழைய வண்டி என்றால் சேதமானால் என்ன தொகை தருவார்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கும் பாலிசி கிடைக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய சைலன்சர், மாற்றிய சஸ்பென்ஷன் எதையும் மறைக்காதீர்கள். சாதாரண பாலிசி பெரும்பாலும் ரேஸ் டிராக்குக்குச் செல்லாது.

இனி வரி. எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி இதுதான், விசித்திரப் பிறவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்துக்கு ஒரு வண்டி எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று அளக்கத் தெரியாது. எஞ்சின் அளவு, குதிரைத்திறன், புகை, எடை, விலை என்று டேப்பில் அளக்க முடிந்ததைத்தான் அளக்கும். எதை அளக்கிறதோ அதைச் சுற்றிப் போகிற மாதிரி கம்பெனிகள் வண்டி செய்யும். ஸ்போர்ட்ஸ் கார் வரலாற்றில் பாதி இந்தக் கண்ணாமூச்சிதான்.

பிரிட்டனில் 1921இல் கொண்டுவந்த குதிரைத்திறன் வரி, சிலிண்டரின் குறுக்களவையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டது. பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலே கீழே போகிறது என்பது கணக்கிலேயே இல்லை. விளைவு, ஒல்லியாக உயரமாக எஞ்சின்கள் வந்தன. எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பாருங்கள்: குறுக்களவு 66.5 மில்லிமீட்டர், பிஸ்டன் போகும் தூரமான ஸ்ட்ரோக் 90. அந்த வரியை 1940களின் கடைசியில் எடுத்துவிட்டார்கள். எஞ்சின் வடிவமைப்பில் அதன் தழும்பு அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது.

இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேல் போனால் மதிப்புக்கூட்டு வரி 38 சதவீதம் என்று ஒரு காலம் இருந்தது. அதற்காகவே ஃபெராரி 1980இல் 208 ஜிடிபி என்று ஒன்றைச் செய்தது. தன் 308 காரின் வி8 எஞ்சினையே 1,991 சிசிக்குச் சுருக்கினார்கள்; கிடைத்தது 155 குதிரைத்திறன். ஃபெராரி மாதிரி இருக்கும், ஃபெராரி மாதிரி ஓடாது. இரண்டு வருடத்தில் டர்போ மாட்டி 220க்குக் கொண்டுபோய் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பிஎம்டபிள்யூவும் சும்மா இருக்கவில்லை. இத்தாலிக்கும் போர்ச்சுகலுக்கும் மட்டும் 320ஐஎஸ் என்று தன் எம்3 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இரண்டு லிட்டருக்குள் அடக்கி 192 குதிரைத்திறனோடு விற்றது. இப்போது அதே இத்தாலியில் அளவுகோல் மாறி, 185 கிலோவாட்டுக்கு (சுமார் 251 குதிரைத்திறன்) மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஆண்டுக்கு 20 யூரோ கூடுதல் வரி. ஆக 250 குதிரைத்திறன் வண்டி தப்பிக்கும், 300 மாட்டும்.

எனக்குப் பிடித்த கதை ஜப்பானுடையது. கேய் கார்கள் என்ற குட்டிக் கார்களுக்கு அங்கே வரி மிகக் குறைவு, ஆனால் எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும், நீள அகலத்துக்கும் வரம்பு. 1991இல் ஹோண்டா பீட் வந்தது. நடுவில் எஞ்சின், டர்போ கிடையாது, 8,100 ஆர்.பி.எம்மில் 64 குதிரைத்திறன், எடை 760 கிலோ. அதே வருடம் சுஸுகி கப்புச்சினோ, மறுவருடம் ஆட்டோஜாம் ஏஇசட்-1. வரிப் பட்டியலின் கடைசி வரிசையில் இருந்துகொண்டு இவ்வளவு சேட்டை செய்யலாம் என்று காட்டிய வண்டிகள் அவை. ரோட்டரி எஞ்சினையும் ஜப்பான் விடவில்லை, அதன் சிசியை ஒன்றரையால் பெருக்கித்தான் வரி போடும். ஆர்எக்ஸ்-8இன் 1,308ஐப் பெருக்கினால் 1,962. இரண்டு லிட்டர் வரம்புக்குள் மயிரிழையில் நிற்கிறது!

அமெரிக்காவில் 1978 சட்டத்தால் வந்த கேஸ் கஸ்லர் (பெட்ரோல் குடிக்கும் வண்டி) வரி, ஒரு காலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே தரும் புதிய கார்களின் மேல் விழுகிறது. பிக்கப்பும் எஸ்யூவியும் அதில் அடங்காது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வண்டி வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. பிரிட்டனில் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 225 கிராமைத் தாண்டும் கார் 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால் வரிப் பட்டியலில் 'கே' பிரிவோடு நிற்கும். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பதிவாகியிருந்தால் வரி கூடிய 'எல்' அல்லது 'எம்' பிரிவு. ஒரே தொழிற்சாலை, ஒரே எஞ்சின், ஒரே நிறம், ஒரு வாரம் முன்பின். ஆண்டு வரியில் ஏறத்தாழ 300 பவுண்ட் வித்தியாசம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, விலை இறங்கிப்போன பெரிய எஞ்சின் வண்டிகள் பலவும் இந்த ரகம்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டிகளுக்கு அங்கே கணக்கே வேறு. முதல் வருடம் மட்டும் புகைக்கு ஏற்ற வரி, அப்புறம் எல்லோருக்கும் ஒரே தொகை. விலை உயர்ந்த வண்டி என்றால் சில வருடங்களுக்குக் கூடுதலாக ஒன்று. நாற்பது வயதைத் தாண்டிய கார்களுக்கு வரியே இல்லை.

ஜெர்மனியில் இருக்கும் வசதியைப் பார்த்து எனக்குப் பொறாமை. சீசன் நம்பர் பிளேட் என்று ஒன்று தருகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓட்டுவேன் என்று பதிவு செய்தால் வரியும் இன்சூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும். பிளேட்டிலேயே மாதங்கள் எழுதியிருக்கும். குளிர்கால உப்பில் துருப்பிடிக்காமல் வண்டி ஷெட்டில் கிடக்கும், காசும் மிஞ்சும். வண்டிப் பைத்தியம் யாரோ அந்த அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

எடையையே நேராக அளக்கும் நாடு பிரான்ஸ். 2022இல் 1,800 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 10 யூரோ என்று ஆரம்பித்து, 2024இல் வரம்பை 1,600க்கு இறக்கினார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் கூடவே புகைக்குத் தனி வரி. அது 2024இல் 60,000 யூரோ வரை போனது. அதனால் அவர்கள் ஊரிலேயே செய்யும், ஆயிரத்து நூறு கிலோவை ஒட்டிய ஆல்பைன் ஏ110 எடை வரியில் தப்பித்து, புகை வரியில் மாட்டிக்கொள்கிறது. ஐரோப்பாவில் புது வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: இப்போது புகை அளவை நீங்கள் தேர்ந்தெடுக்கும் வண்டிக்கே தனியாகக் கணக்கிடுகிறார்கள். ஓர் அளவு பெரிய சக்கரம் கேட்டால் கிராம் ஏறும், கிராம் ஏறினால் வரி ஏறும். சின்னச் சக்கரம் வண்டிக்கும் நல்லது, அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வரி சொன்னால் கேட்பார்களோ என்னவோ.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் எலிஸை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். எடை சுமார் 1,300 கிலோ. முதல் எலிஸோடு வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நேர்கோட்டில் பறக்கும், திருப்பத்தில் அந்த எடை எங்கேயும் போய்விடாது. பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கும் சாலை வரி வந்துவிட்டது. பேட்டரி லேசாகி, 1,100 கிலோவில் இரண்டு சீட்டு மின்சார வண்டி ஒன்றை யாராவது செய்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அதுவரை பெட்ரோல்தான். கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை இரண்டாம் கியரோடு மல்லுக்கட்டிக்கொள்கிறேன்.